பெண்களை இழிவுபடுத்தும் ஹோர்டிங் விளம்பரம்: 1986 சட்டத்தின் பிரிவு 5 அதிகாரி யார்?

தென்மாவட்ட நகரம் ஒன்றின் பைபாஸில் போர்வெல் மோட்டார் ஹோர்டிங், சுமார் 20-க்கு 40 அடி. நனைந்த சேலையில் ஒரு பெண், முகம் தெரியாமல் படத்தைக் கழுத்தோடு வெட்டிவிட்டார்கள். பக்கத்தில் "ஆழம்" பற்றி இரட்டை அர்த்த வரி. மோட்டார் மூலையில், தேடினால் கிடைக்கும். பொங்கலில் இருந்து நிற்கிறது.

விளம்பரத் துறையின் சுய ஒழுங்கு அமைப்பான ஆஸ்கியிடம் (ASCI), அதன் 2022 பாலினச் சித்திரிப்பு வழிகாட்டுதலைக் காட்டிப் புகார் கொடுத்தாயிற்று. ஆஸ்கி நிறுத்தச் சொன்னது, கம்பெனி அதில் உறுப்பினர் இல்லை, அசையவில்லை. டிவி விளம்பரமாக இருந்தால் கேபிள் விதிகள் ஆஸ்கி நெறிக்குச் சட்ட பலம் தரும், ஹோர்டிங்குக்கு அது இல்லை. உள்ளாட்சி அலுவலகம் உரிமத்தை மட்டும் பார்க்கிறது.

ஸ்டேஷனில் "நிர்வாணம் இல்லையே" என்று மனுவைத் திருப்பினார்கள். பெண்களை அநாகரிகமாகச் சித்திரித்தல் தடைச் சட்டம் 1986, பிரிவு 2(சி)-க்கு நிர்வாணமே தேவையில்லை, இழிவுபடுத்தினாலே போதும். பிரிவு 8-ன்படி பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம். இதை எழுதிக் கொடுத்தும் ரசீது வரவில்லை. தேதியிட்ட போட்டோக்கள், ஆஸ்கி பதில் எல்லாம் கையில் உண்டு.

பிரிவு 5-ன்படி விளம்பரத்தைப் பறிமுதல் செய்ய மாநில அரசு அதிகாரம் தந்த கெஜட்டட் அதிகாரி, தமிழ்நாட்டில் மாவட்ட அளவில் யார்?