மூணு அடுக்கு தோல்ல மட்டும் தையல் விடுது, அடியில நூல் வளையம் வளையமா தொங்குது

ரப்பர்காட்டான் (குலசேகரம்):
எல்லாருக்கும் வணக்கம். மெஷின் பிளாட் பெட் வாக்கிங் ஃபுட் (தோலை மேல இருந்து அமுக்கி நகத்துற கால்), பாபினை (கீழ் நூல் உருளையை) மேல இருந்து போட்டு மூடுற மாடல், சர்வோ மோட்டார். ஊசி டிபி 17 ரகம், லெதர் பாயின்ட் (தோலை வெட்டி இறங்குற முனை), 22ஆம் நம்பர் கனம். மேலயும் கீழயும் 138ஆம் நம்பர் பாண்டட் நைலான் நூல். தைக்கிறது ரப்பர் வெட்டு கத்திக்கு உறையும் அதுக்கு இடுப்பு வாரும். தோல் 3 மி.மீ. வெஜ் டேன் (மரப்பட்டைச் சாறுல பதம் பண்ணினது). வார் ரெண்டு அடுக்கு, 6 மி.மீ. உறையோட ஓரத்துல நடுப்பட்டை வச்சு ஒட்டுறதால மூணு அடுக்கு, 9 மி.மீ. தையல் நீளம் 4 மி.மீ.

வார் தைக்கிறப்ப ஒரு குறையும் இல்ல. உறையில நடுப்பட்டை மேல ஏறினதும் அடியில மேல் நூல் வளையம் வளையமா தொங்குது. எட்டு பத்து தையலுக்கு ஒண்ணு விட்டும் போகுது. தொடக்கத்துல அடியில நூல் கொத்தா சுருண்டு பிளேட்டுக்குள்ள இழுக்குது. பாபின் டென்ஷனை இறுக்கியும் பாத்தாச்சு, தளத்தியும் பாத்தாச்சு. மழை பிடிச்சதுக்கு அப்புறம்தான் தையல் விடுறது கூடுதல். டைமிங் (ஊசியும், அடியில மேல் நூலைப் பிடிக்கிற ஹூக்கும் சந்திக்கிற நேரம்) போச்சுன்னு ஒரு மெக்கானிக் சொல்லுறார். கழட்டவா?

வடசேரி வார்:
கழட்டாதீங்க. டைமிங் போயிருந்தா வாரும் ஒழுங்கா தைக்காது.

அடியில வளையம் தொங்கினா கோளாறு மேல. கீழ் நூல் நேரா கிடக்கும், மேல் நூல் அதைச் சுத்தித் தொங்கும். மேல் நூலைப் பிடிச்சு நிறுத்த ஆள் இல்லைன்னு அர்த்தம். பாபின் ஸ்க்ரூவைத் திருகி இதைச் சரி பண்ண முடியாது, அதை மொதல்ல பழைய இடத்துக்கே கொண்டு வாங்க.

மூணு அடுக்குல மட்டும் வருதுன்னு சொல்றீங்களே, அங்கதான் பிடி கிடைக்குது. ஃபுட்டைத் தூக்கினா, மேல் நூலை அமுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு விரிஞ்சு நூலை விட்டுரும், தோலை வெளிய எடுக்க வசதிக்காக அப்படி வச்சிருக்கான். 9 மி.மீ. தோல் மேல ஃபுட் உக்காந்தா, அது பாதி தூக்கின மாதிரிதான் நிக்கும். அந்த உயரத்துலயே ரிலீஸ் பின் தட்டைத் தள்ள ஆரம்பிச்சா, தைக்கிறப்பவே டென்ஷன் போயிரும்.

சோதனை சுலபம். மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு, 6 மி.மீ. துண்டை வச்சு ஃபுட்டை இறக்கி, ஊசிப் பக்கம் மேல் நூலை இழுத்துப் பாருங்க. அப்புறம் 9 மி.மீ. துண்டு வச்சு அதே மாதிரி இழுங்க. ரெண்டுலயும் ஒரே பிடி இருக்கணும். 9-ல வழுக்கிட்டு வந்தா, ரிலீஸ் லிவர் சீக்கிரம் தள்ளுது, அதைப் பின்னுக்கு வைக்கணும். காலால ஃபுட் தூக்குற சங்கிலி விறைப்பா இருந்தாலும் இதே கோளாறுதான். ஃபுட் இறங்கி நிக்கிறப்ப சங்கிலி கொஞ்சம் தொங்கணும். தட்டுக்கு நடுவுல மெழுகும் நூல் பிசிறும் இருந்தா, துணியை உள்ள விட்டு இழுத்துத் துடைங்க.

தொடக்கத்துல சுருளுறதுக்கு மெஷினைக் குத்தம் சொல்லாண்டாம். ரெண்டு நூல் நுனியையும் ஒரு சாண் நீளம் பின்னால விட்டுக் கையில பிடிச்சுக்கிட்டு, முதல் மூணு தையலை வீலைக் கையால திருப்பி எடுங்க.

ஊசிமுனை:
நான் டைமிங்கை அப்படி ஒதுக்க மாட்டேன். கழட்ட வேண்டாம், ஆனா பாத்துருங்க, பத்து நிமிஷ வேலை. புது ஊசி போட்டு, பிளேட்டைக் கழட்டி, வீலைக் கையால சுத்துங்க. ஊசி அடிமட்டம் தொட்டு 2 முதல் 2.5 மி.மீ. மேல வர்றப்ப ஹூக் முனை ஊசியோட நடுவுக்கு வரணும். ஊசிக் கண்ணோட மேல் விளிம்பு அந்த முனைக்குக் கீழ 1.5 முதல் 2 மி.மீ. இருக்கணும். ஊசியில குழிஞ்ச இடத்துக்கும் ஹூக் முனைக்கும் இடைவெளி 0.1 மி.மீ.க்குள்ள, ஆனா உரசக் கூடாது.

இன்னொண்ணு, ஊசி பாக்கெட்டைப் படிச்சுப் பாருங்க. டிபி 5-க்கும் டிபி 17-க்கும் தண்டு ஒரே 2 மி.மீ., ரெண்டும் பொருந்தும். ஆனா டிபி 5 கிட்டத்தட்ட 5 மி.மீ. கட்டை. அதைப் போட்டுட்டு ஊசிக்கம்பியை இறக்கி வச்சுக் கொடுத்திருந்தா அளவெல்லாம் தப்பாதான் நிக்கும். 9 மி.மீ. வெஜ் டேனுக்கு 23-க்குப் போங்க, 22-ல துளை இறுக்கம். ஊசியில நூலைக் கோத்து சாய்வா பிடிச்சா ஊசி தன் கனத்துலயே சறுக்கி இறங்கணும். நின்னா, அந்த நூலுக்கு அந்த ஊசி சின்னது.

வடசேரி வார்:
23 சரி. கூடவே ஃபுட் அழுத்தத்தையும் பாக்கணும். கண்ணை தோல் மட்டத்துக்குக் கொண்டு போய், வீலைக் கையால சுத்திப் பாருங்க. ஊசி மேல ஏறுறப்ப தோலும் ஆப்பம் உப்புற மாதிரி கூடவே எழும்புதா? அப்படி எழும்பினா நூல் தளராது, ஊசிக் கண்ணுக்குப் பக்கத்துல வளையம் விழாது, ஹூக் வெறுங்கையோட சுத்திட்டுப் போகும். தையல் விடுறது அப்படித்தான். மேல இருக்கிற பிரஷர் ஸ்க்ரூவை அரைச் சுத்து அரைச் சுத்தா இறுக்குங்க. தோல் எழும்புறது நின்ன இடத்துல விட்டுருங்க, அதுக்கு மேல போனா வெஜ் டேன்ல ஃபுட் தடம் விழும்.

ரெண்டு அடுக்குல இருந்து மூணு அடுக்குக்குப் படி ஏறுற இடத்துல ஃபுட் சாய்ஞ்சு நிக்கும். அங்க பின்பக்கம் 3 மி.மீ. துண்டு ஒண்ணை ஃபுட்டுக்கு அடியில தள்ளி மட்டமாக்குங்க.

குளச்சல் காத்து:
மழைக்கு அப்புறம் கூடுதல்னு சொன்னதை யாரும் கவனிக்கல்லியே. மூணு அடுக்குன்னா ரெண்டு இடத்துல சொல்யூஷன் (ஒட்டுற பசை) தடவியிருப்பீங்க. ஈரக்காத்துல அது சீக்கிரம் காயாது. மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், நடுவுல பிசுபிசுன்னு நிக்கும். ஊசி அதுக்குள்ள போய் வர்றப்ப கண்ணுலயும் பள்ளத்துலயும் பசை ஒட்டி, நூல் நகராம நிக்கும். பத்து தையல் தைச்சிட்டு ஊசியைக் கழட்டி வெயில்ல பிடிச்சுப் பாருங்க, பழுப்பா பசை தெரிஞ்சா அதுதான். தின்னர் நனைச்ச துணியால துடைக்கலாம், ஆனா அது அப்போதைக்குத்தான். மெல்லிசா தடவி, ஒட்டுறதுக்கு முன்ன நல்லா ஆற விட்டு, ஒட்டின பிறகு ஒரு ராத்திரி வச்சு அடுத்த நாள் தைங்க. தையல் கோட்டுல பசை படாம விளிம்போட நிறுத்துனா இன்னும் கொள்ளாம்.

புது நூல் மாத்தினீங்களா? மெஷின் நூல் இடப்பக்கம் முறுக்கினதா இருக்கணும். ரெண்டு கையிலயும் பிடிச்சு, வலக்கை விரலால உங்க பக்கமா உருட்டுங்க. முறுக்கு இறுகினா சரி, பிரிஞ்சா அது மெஷினுக்கு ஆகாது. கடற்கரைப் பக்கம் உள்ளவங்களுக்கு ஒரு வார்த்தை: உப்புக்காத்துல ஹூக் முனையில துரு புள்ளி வைக்கும், அது நூலைப் பிசிறாக்கும். சாயங்காலம் ஒரு சொட்டு எண்ணெய் போட்டு மூடி வைங்க.

ரப்பர்காட்டான்:
பாத்தாச்சு. 6 மி.மீ.யில நூல் இறுக்கமா வருது, 9-ல சும்மா வழுக்கிட்டு வந்துச்சு. சங்கிலிதான், ரெண்டு கண்ணி விட்டுக் கொடுத்ததும் வளையம் நின்னுட்டு. ஊசியில பசை இருந்தது நெசம். 23 போட்டு, நேத்து ஒட்டின உறையை இன்னைக்குத் தைச்சதுல ஒண்ணே ஒண்ணுதான் விட்டுச்சு, அதுவும் படியில. டைமிங் பாத்தேன், 2 மி.மீ. சொச்சத்துல சரியா நிக்குது. முடிவுல ரிவர்ஸ் போட்டா மட்டும் பழைய நூல் அறுந்து பிசிறு நிக்குதே, அதுக்கு என்ன வழி?

ஊசிமுனை:
லெதர் பாயின்ட் கத்தி மாதிரி, பழைய துளையில இறங்குறப்ப உள்ள கிடக்கிற நூலையும் வெட்டும். ரிவர்ஸ்ல தையல் நீளம் முன்னால போற தையலோட ஒத்து வருதான்னு துண்டுத் தோல்ல பாத்துக்கிடுங்க, ஒத்து வரல்லன்னா துளைக்குப் பக்கத்துல புதுசா குத்தும். ரெண்டு மூணு தையல் போதும், வீலைக் கையால திருப்பிப் போடுங்க. மேல் நூலை அடிப்பக்கம் இழுத்து, ரெண்டையும் 3 மி.மீ. விட்டு நறுக்கி, லைட்டர் தீயைப் பக்கத்துல காட்டி உருக்கி அமுக்குங்க. தீ தோல்ல படக் கூடாது, வெஜ் டேன் சட்டுன்னு கறுக்கும்.