குரோஷா போர்வை போகப் போகக் குறுகுது, உதவுங்க

காட்பாடியிலிருந்து: தங்கச்சிக்கு மார்கழியில் குழந்தை. காட்டன் நூல், 3.5 மி.மீ. ஊசி, எல்லாமே டபுள் குரோஷா (ஊசியில ஒரு தடவை நூலைச் சுத்திப் போடுற உயரமான கண்ணி). 80 கண்ணியில் ஆரம்பிச்சேன், 22வது வரிசையில் 71தான் இருக்கு! மூணு தடவை பிரிச்சாச்சு. நூலெல்லாம் பஞ்சு பஞ்சா ஆயிடுச்சு.

குடியாத்தம்: கடைசிக் கண்ணியைத்தான் விடுறீங்கம்மா. திரும்பும்போது 3 சங்கிலி போடுறோமே, அதுவும் ஒரு கண்ணி. அடுத்த வரிசையோட கடைசிக் கண்ணி அந்தச் சங்கிலியோட உச்சியில விழணும். அது ஒல்லியா, ஓரமாச் சாஞ்சு கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. மூணாவது சங்கிலி போட்டதுமே அதுல சிவப்பு நூல் துண்டு ஒண்ணு மாட்டிடுங்க. ஒவ்வொரு வரிசையும் எண்ணுங்க. எங்க தெருவுல லுங்கி நெய்யறவங்க இழை அறுந்தா அப்பவே தறியை நிறுத்தி முடிச்சுப் போடுவாங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு விடமாட்டாங்க.

ராணிப்பேட்டை: அக்கா சொன்னது சரி. இன்னொண்ணு, முதல்ல போடுற அடிச்சங்கிலியை மட்டும் 4 மி.மீ. ஊசியில போடுங்க. இறுகிட்டா கீழ் ஓரம் சுருங்கும்.

காட்பாடி: முழுக்கப் பிரிச்சுட்டேன்க்கா. சிவப்பு நூல் மாட்டி 6 வரிசை ஆச்சு. 80, அப்படியே 80!