கல்யாணம் ஆனவருக்கு நிம்மதியா, ஆகாதவருக்கா? அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

திருச்சிக்காரி:
நாற்பதைத் தாண்டியாச்சு, கல்யாணம் வேண்டாம் என்று நானே முடிவெடுத்தவள். காதல் தோல்வியெல்லாம் கிடையாது (முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை கேட்க வந்துவிடுவீர்கள்). "உனக்கு எப்போ?" என்று விசேஷ வீடுகளில் துளைத்தெடுத்த பெரியம்மாக்கள் எல்லாம் இப்போது மருமகளோடு படும் பாட்டை என்னிடம்தான் வந்து கொட்டுகிறார்கள். என் சம்பளம் என் கையில், ராத்திரி தயிர்சாதமும் மோர்மிளகாயும் போதும் என்றால் போதும். எல்லாம் சரிதான். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன் பாருங்கள், அங்கேதான் மாட்டினேன். அட்மிஷன் கவுண்டரில் இருந்த பெண் ஃபாரத்தைத் திருப்பி நீட்டி, "அட்டெண்டர் யாரு மேடம்?" என்றாள். அட்வான்ஸ் கட்டியாச்சு, இன்சூரன்ஸ் கார்டு கொடுத்தாச்சு, கையெழுத்தை நானே போடுகிறேன் என்றேன். "இல்ல மேடம், ஹஸ்பெண்ட்… இல்லன்னா அப்பா, அண்ணன் யாராச்சும்…" அப்பா காலமாகிவிட்டார், தம்பி துபாயில். கடைசியில் எதிர்வீட்டு அக்கா தையல் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்து, உறவுமுறை என்ற கட்டத்தில் "சகோதரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மருந்துச் சீட்டோடு கீழே மேலே அலைந்ததும் அவர்தான். புருஷன் இருந்திருந்தால் இந்தப் பாடு இல்லையோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. ஆனால் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குப் புருஷன் இருந்தார், டிஸ்சார்ஜ் அன்றைக்கு வந்தார், பில்லைப் பார்த்துக் கத்தினார், போய்விட்டார். நீங்களே சொல்லுங்கள்.

வார்டு நர்ஸ்:
திருச்சிக்காரி அக்கா, அட்டெண்டர் என்பது மருந்து வாங்க, பில் கட்ட, அவசரம் என்றால் கூப்பிட ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக. சம்மதம் என்பது வேறு. சுயநினைவோடு இருக்கிற, வயது வந்த நோயாளியின் சம்மதம்தான் சம்மதம். 2008-ல் உச்ச நீதிமன்றமே சமீரா கோலி வழக்கில் இதைச் சொல்லியிருக்கிறது. அவரும் கல்யாணம் ஆகாதவர், வயது 44. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுத்துவிட்டு, வெளியே இருந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து இல்லாதபோது அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது கோர்ட். எங்கள் வார்டில் இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை, ஃபாரத்தில் கட்டம் இருக்கிறது, நிரப்பு என்பார்கள். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, என் பிரசவத்துக்கு அட்டெண்டராக இருந்தது அம்மா. வீட்டுக்காரருக்கு அன்றைக்கு ஷிஃப்ட் மாற்ற முடியவில்லையாம்.

மேன்ஷன் ஆசாமி:
நான் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இளமையைக் கழித்தவன். ரூமுக்கு மூன்று கட்டில், காலையில் பக்கெட்டோடு வரிசை, மெஸ்ஸில் மீல்ஸ் டோக்கன், ஞாயிறு ராத்திரி மெஸ் லீவு என்பதால் பட்டினி அல்லது பரோட்டா. சுதந்திரம் சுதந்திரம் என்கிறார்களே, ஜுரத்தில் படுத்தபோது ரூம் மேட் வாங்கி வந்த பன்னும் டீயும்தான் எனக்கு நினைவிருக்கிறது. அப்புறம் வீடு தேடினேன். டூ-லெட் போர்டிலேயே "குடும்பத்துக்கு மட்டும்" என்று இருக்கும். ஒரு வீட்டுக்காரர் கேட் வழியாகவே, "பேச்சிலரா? வீடு விட்டாச்சுப்பா" என்றார். போர்டு அவர் தலைக்கு மேலேதான் ஆடிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆன கையோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு அதே தெருவுக்குப் போனேன். அதே மனுஷன்! "புதுசா கல்யாணம் ஆனவங்களா? உள்ள வாங்க, வாங்க" என்று காபி கொடுத்தார், அட்வான்ஸில் ஒரு மாதம் குறைத்துக்கொண்டார். என்னை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. தாலி கட்டியதும் என் யோக்கியதை எப்படிக் கூடியது என்று இன்றுவரை புரியவில்லை. மற்றபடி கல்யாணம் நல்லதுதான், ஃபேன் எத்தனையில் ஓடவேண்டும் என்கிற சண்டை மட்டும் தீரவில்லை.

ரெண்டு பிள்ளைக்காரி:
தனியாக இருக்க ஆசைதான். ஒரே ஒரு வாரம். மாவு ஆட்டாமல், "சாக்ஸ் எங்கம்மா" என்று யாரும் கேட்காமல். எட்டாவது நாள் நானே திரும்பி வந்துவிடுவேன் என்று நினைக்கிறேன், சத்தியம் பண்ண முடியாது.

கும்பகோணத்தான்:
எங்கள் சின்ன அத்தையைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிக்கூட டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் நலங்கு வைக்க அவரைக் கூப்பிட மாட்டார்கள், ஆனால் ஸ்டோர் ரூம் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். பாக்கு எத்தனை கிலோ, பந்திக்கு எத்தனை இலை, எல்லாம் அத்தை வாயால் சொன்னால்தான் நடக்கும். பெரிய அத்தைக்கு எண்பதுகளின் தொடக்கத்திலேயே நகை, பாத்திரம் என்று போட்டுக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. பிறகு தாத்தா வழி நிலத்தைப் பாகம் பிரிக்க உட்கார்ந்தபோது வக்கீல் ஒரு குண்டைப் போட்டார். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆகியிராத இந்துப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்களுக்குச் சமமான பங்கு, அதற்கு முன்பே ஆனவர்களுக்குக் கிடையாது. சின்ன அத்தைக்கு ஆற்றங்கரைப் பக்கம் ரெண்டு மா (எங்கள் பக்கத்து நில அளவு) நஞ்சை வந்தது. பெரிய அத்தை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, "கழுத்த நீட்டினதுக்கு எனக்கு அபராதமா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. 2005-ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு அந்த வித்தியாசம் போய்விட்டது, ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையைத் தொட முடியாது. எங்களுடையது அதற்கு ரொம்ப முன்பே முடிந்த கதை. அத்தைக்குத் தனிமை தெரிந்ததா என்றால், தெரிந்திருக்கும், அவர் சொன்னதில்லை. அண்ணன் தம்பிகள் அவரிடம் கடன் வாங்கினார்கள், பெரிய அத்தை ரெண்டு வருஷம் பேசாமல் இருந்தார். தனியாக இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கல்யாணமே ஆகாத, பிள்ளை, அப்பா, அம்மா யாரும் இல்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் போனால் சொத்து அப்பாவின் வாரிசுகளுக்குப் போகும், அதாவது இதே கூட்டத்துக்கு. அத்தைக்கு இது தெரியும். ரிட்டையர் ஆனதும் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்குப் போய் உயிலைப் பதிவு செய்துவிட்டார். நிலம் முழுக்க பெரிய அத்தையின் மகளுக்கு. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். எனக்கு ஒரு வரப்புகூட எழுதவில்லை, டிபன் மட்டும் வாங்கிக் கொடுத்தார்.