அரிவாள் செல் சோகை உள்ள குழந்தைக்குத் தலையில் டாப்ளர் ஸ்கேன் எதற்கு?

கேள்வி:
கூடலூரில் வசிக்கும் என் அக்கா மகனுக்கு ஆறு வயது. அரிவாள் செல் சோகை உள்ளது. கை கால் வலியைத் தவிர வேறு தொல்லை இல்லாத பிள்ளைக்குத் தலையில் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார் மருத்துவர். வீட்டார் தயங்குகின்றனர். இது தேவைதானா?

மறுமொழி 1:
அவசியம் எடுங்கள். இந்நோயில் அரிவாள்போல் வளைந்து விறைத்த சிவப்பணுக்கள் மூளைக்குச் செல்லும் பெரிய தமனிகளின் உட்சுவரைச் சிதைத்து, அவற்றைப் படிப்படியாகக் குறுக்கிவிடுவதால், குறுகிய இடத்தில் இரத்தம் மிக வேகமாகப் பாய்கிறது. அந்த வேகத்தையே டாப்ளர் ஸ்கேன் ஒலி அலைகளைக் கொண்டு அளக்கிறது. அது வினாடிக்கு 200 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் பக்கவாத ஆபத்து மிக அதிகம். அத்தகைய குழந்தைகளுக்குத் தொடர்ந்து இரத்தம் ஏற்றினால், முதல் பக்கவாதத்தின் ஆபத்து சுமார் 90 சதவீதம் குறைகிறது என்று 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஊசியும் கதிர்வீச்சும் இல்லாத இச்சோதனையை 2 முதல் 16 வயது வரை ஆண்டுதோறும் செய்ய வேண்டும்.

மறுமொழி 2:
இரத்தம் ஏற்றிக்கொண்டே இருந்தால் உடலில் இரும்புச்சத்து சேரும் என்பதால், சிவப்பணுக்கள் வளைவதைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

படிப்பையும் கவனியுங்கள் ஐயா. வெளியே எந்த அறிகுறியும் காட்டாத சிறு மூளைச் சேதங்கள் இந்நோயில் மிகச் சாதாரணம். மறதியும் கவனக்குறைவும் அவற்றால் வரக்கூடும். அதைச் சோம்பல் என்று ஆசிரியர்கள் தண்டிப்பது பெருங்கொடுமை.

மறுமொழி 3:
வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் தளர்ந்தாலோ, சிறிது நேரத்தில் சரியாகிவிட்டாலும்கூட, உடனே 108ஐ அழையுங்கள்.