டிரான்ஸ்பார்மர் சவுண்டுக்காகக் காயில் கடைக்குப் போனது

அனலாக் சாச்சுரேஷன் ப்ளக்இன் (பழைய ஆடியோ பெட்டிக சத்தத்த நசுக்கித் தடிப்பாக்கறத அப்பிடியே கம்ப்யூட்டர்ல பண்ற சாஃப்ட்வேர்) எழுதறவங்க யாராச்சும் நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் இருந்தா, ஒரு தடவ காயில் கட்டற கடைக்குப் போயி உக்காந்து பாருங்க. நான் பழைய ப்ரீஆம்ப் (மைக் சிக்னலப் பெருசாக்கற பெட்டி) ஒண்ணோட அவுட்புட் டிரான்ஸ்பார்மர கோடுல கொண்டார்ற வேலைல இருந்தேன். யாரக் கேட்டாலும் டேன்எச் பங்ஷன்ல (tanh, சிக்னலோட உச்சிய மழுக்கற வளைவு) சிக்னலப் போட்டு எடு, முடிஞ்சுதுங்கறாங்க. அப்பிடிப் போட்டா 3, 5, 7னு ஒத்தப்படை ஹார்மானிக்ஸ் (மூல பிரீக்வென்ஸியோட அத்தன மடங்குல வர்ற சத்தம்) வரும், பயாஸ, அதாவது சிக்னலோட நடுக்கோட்டச் சித்த தள்ளி விட்டா ரெட்டப்படையும் வரும், ஆனா கீழ்ச்சத்தமான கிக் டிரம்மும் மேல்ச்சத்தமான ஹைஹேட் தாளமும் ஒரே மாதிரி நசுங்கும். நெசப் பெட்டீல அப்பிடி இல்லீங்க.

சரி, ஒண்ணக் கட்டி அளந்தே பாத்தரலாம்னு கணபதில ஒரு அண்ணன்கிட்டப் போனேன். பம்ப்செட் மோட்டாரும் ஸ்டெபிலைசரும்தான் அவரு தொழில், ஆடியோ பக்கமே போனதில்ல. ஸ்டாம்பிங் கட்டு (காயிலுக்கு நடுவுல கோரா அடுக்கற இரும்புத் தகடு) ஒண்ண எடுத்துக் கைல வெச்சுக்கிட்டு "எத்தன ஹெர்ட்ஸுக்குத் தம்பி?"ன்னாரு. 20ல இருந்து 20,000 வரைக்குமுங்ணான்னேன். என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, "மேல போனாக் கோரு நெறையாது, அத வுடு. 50க்குக் கட்டுன காயில 20ல ஓட்டுனாத்தான் தாங்காது, கரண்ட இழுத்துக்கிட்டு உறுமும். ஒண்ணு சுத்து ஏத்தோணும், இல்ல கோரப் பெருசாக்கோணும்"னாரு.

விசயமே அதானுங்க. ஒரே வோல்ட்டேஜுதான், ஆனா பிரீக்வென்ஸி எறங்க எறங்கக் கோர்ல பிளக்ஸ் (காந்தப் பாயம், அது நெறைஞ்சாத்தான் சத்தம் நசுங்கும்) ஏறிக்கிட்டே போகும், 300 ஹெர்ட்ஸ்ல இருக்கறதவிட 30ல பத்து மடங்கு. அதனால சிக்னல மொதல்ல இன்டக்ரேட் பண்ணிப் பிளக்ஸாக்கி, அதுமேலதான் வளைவப் போட்டு, திரும்ப டிஃபரன்ஷியேட் பண்ணி வெளிய விட்டேன். தவில் ரெக்கார்டிங் ஒண்ணு போட்டுக் கேட்டா தொப்பிப் பக்கம் தடிச்சு வருது, வலந்தலைல வெரல் கூடு அடிக்கற டிக்கு மட்டும் அப்பிடியே நிக்குது.

அலையாஸிங் (சாம்பிள் ரேட்டுல பாதிக்கு மேல போற சத்தம் மடங்கிக் கீழ வந்து விழறது) இருக்குதுங்க, அத மறந்தராதீங்க. 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்ல 10 கிலோஹெர்ட்ஸ் சைன் விட்டா மூணாவது ஹார்மானிக் 30, 24க்கு மேல எடமில்லாம மடங்கி 18ல விழும், அஞ்சாவது 50, அது நேரா 2 கிலோஹெர்ட்ஸ்ல வந்து உக்காந்துக்கும். நாலு மடங்கு ஓவர்சாம்ப்ளிங் (சாம்பிள் ரேட்ட ஏத்தி ஓட்டறது) போட்டா ரெண்டும் 96க்குக் கீழயே அடங்கீரும், திரும்ப எறக்கறப்ப பில்டர் வெட்டீரும்.

கம்ப்ரஸர் (சத்தம் ஏறுனாத் தானா அமுக்கற பெட்டி) பக்கம் யாராச்சும் மல்லுக்கட்டியிருந்தா எழுதுங்க.

*

கம்ப்ரஸர் பத்திக் கேட்டிருந்தீங்களே, நான் கோபிப் பக்கமுங்க. எனக்கு வாச்சது எல்ஏ-2ஏங்கற பழைய கம்ப்ரஸர். அதுக்குள்ள டி4 செல்லுல வெளிச்சம் குடுக்கற பேனல் ஒண்ணு, அதுக்கு நேரா போட்டோ ரெசிஸ்டர். சிக்னல் ஏறுனா வெளிச்சம் ஏறும், ரெசிஸ்டன்ஸ் எறங்கும், வால்யூம் அமுங்கும். ரிலீஸ்தான் (அமுக்குனதத் திரும்ப விடறது) கூத்து, பாதி 60 மில்லிசெகண்ட்ல திரும்பீரும், மிச்சம் அரை செகண்டும் ஆகும் 5 செகண்டும் ஆகும், முன்னால எவ்வளவு வெளிச்சம் எத்தன நேரம் பட்டுச்சுங்கறதப் பொறுத்து. ஒத்த ரிலீஸ் வெச்சு ஒண்ணும், வேகமானது மெதுவானதுன்னு ரெண்டு சேத்து ஒண்ணும் எழுதி, எங்கூர்ல வள்ளி கும்மி சொல்லித்தர்ற வாத்தியாரு பாடுன ரெக்கார்டிங்லயே ஏத்தி, ஒத்த ரிலீஸ மொதல்ல வெச்சு, எது எதுன்னு சொல்லாம அவருக்கே போட்டுக் காட்டுனனுங்க. "மொதல்ல போட்டியே கண்ணு, அதுல நான் மூச்சு வாங்கறதத்தான் பெருசாக் காட்டற, இன்னொண்ணுல நான் பாட்டுக்குப் பாடீட்டுப் போறேன்"னாரு. ரெண்டும் ஒரே வால்யூம்தானுங்க, மீட்டர் வெச்சு மேட்ச் பண்ணீட்டுத்தான் போட்டேன், அதப் பண்ணாம யாருக்கும் போட்டுக் காட்டாதீங்க, சத்தமா இருக்கறதத்தான் எல்லாரும் நல்லாருக்குதும்பாங்க.

இப்ப 1176ங்கற இன்னொரு கம்ப்ரஸர்ல மாட்டிக்கிட்டு இருக்கறேன். அட்டாக் (அமுக்க எடுத்துக்கற நேரம்) 20 மைக்ரோசெகண்ட் வரைக்கும் எறங்குது, 48 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு சாம்பிளே 20.8 மைக்ரோசெகண்டு. அதுவும் ஃபீட்பேக் வகை, அவுட்புட்டப் பாத்துத்தான் அமுக்கும், கோடுல அந்த அவுட்புட் இன்னும் வரவே இல்ல, முந்துன சாம்பிள வெச்சு ஓட்டுனா அந்த ஒரு சாம்பிள் லேட்டே அட்டாக் மொத்தத்தையும் தின்னுருது. இப்போதைக்கு நாலு மடங்கு ஓவர்சாம்ப்ளிங்ல ஏத்தி, சாம்பிளுக்குச் சாம்பிள் நியூட்டன் மெத்தட்ல (ஊகிச்சு ஊகிச்சுத் திருத்தி விடை கண்டுபிடிக்கற கணக்கு) தீத்துக்கிட்டு இருக்கறேன், லேப்டாப் பேன் கெடந்து கத்துது. இதவிடச் சுளுவா யாராச்சும் பண்ணியிருந்தாச் சொல்லுங்க.