அக்கா கல்யாண டிவிடியை ஐஎஸ்ஓ (முழு டிஸ்க்கின் நகல் ஃபைல்) ஆக்க முடியவில்லை

பாம்பனில் இருக்கிறேன். 2008-இல் எடுத்த டிவிடி, இந்த ஒரு பிரதிதான். இறந்துபோன அப்பா பந்தியில் சோறு பரிமாறுவது இதில் மட்டுமே இருக்கிறது. உப்புக்காற்றில் கிடந்து விளிம்பில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. டிவிடி உள்ளிருந்து வெளியே படிக்கும் என்பதால் கடைசியில் வரும் பந்தி சரியாக அங்கேதான் மாட்டியிருக்கிறது.

விண்டோஸ் 10, யூஎஸ்பி டிவிடி டிரைவ். டிஸ்க்கை நகலெடுக்கும் இம்ஜ்பர்ன் 2.5.8 மென்பொருளில் 71 சதவீதத்தில் ரீட் எரர். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்தேன், வேகத்தைக் குறைத்தேன். அதே இடத்தில்தான் நிற்கிறது. அப்புறம் உபுண்டுவில் (லினக்ஸ்) டிடிரெஸ்க்யூ என்ற தரவு மீட்பு மென்பொருளை, செக்டார் (டிஸ்க்கில் படிக்கும் சிறு துண்டு) அளவு 2048 பைட் என்று வைத்து, மூன்று நாள் ஓட்டினேன். இன்னும் 160 எம்பி வரவில்லை. எது வந்தது, எது வரவில்லை என்று அது குறித்து வைக்கும் மேப் ஃபைல் பத்திரமாக இருக்கிறது.

அதே மேப் ஃபைலை வைத்து வேறொரு டிரைவில் தொடர்ந்தால் மீதி செக்டார்கள் கிடைக்குமா?