குருகின் காலில் தினைத்தாள்: சங்கப் புலவர்கள் பாடியது கண்ட நிலமா, கற்ற நிலமா?

கேள்வி | வைகைக்கரை

சில மாதங்களாகக் குறுந்தொகையையும் ஐங்குறுநூற்றையும் அடுத்தடுத்துப் படித்து வருகிறேன். மலை என்றால் வேங்கையும் தினைப்புனமும், கடற்கரை என்றால் புன்னையும் தாழையும் என்று முதற்பொருளும் (நிலமும் பொழுதும்) கருப்பொருளும் (அந்நிலத்துக்குரிய மரம், பயிர், பறவை போன்றவை) இலக்கணத்தில் வகுக்கப்பட்டிருக்கும்போது, மலையை ஒருநாளும் ஏறிப் பார்க்காத புலவர்கூட அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு குறிஞ்சிப் பாட்டு ஒன்றைக் கட்டிவிட முடியாதா என்ற ஐயம் எனக்கு வந்துவிட்டது. ஐங்குறுநூற்றில் ஐந்து புலவர்கள் ஆளுக்கொரு திணையில் நூறு நூறு பாடல்கள் பாடியிருக்கிறார்கள். அவற்றுள் குறிஞ்சி கபிலருடையது. அவர் பாரியின் பறம்புமலையில் வாழ்ந்தவர் என்பதாலா அது அவருக்கு அமைந்தது, அல்லது அந்தத் திணையில் அவருக்குப் பயிற்சி மிகுதி என்பதாலா? ஒரு பாடலில் வரும் நிலம் புலவர் கண்ணால் கண்டதா, மரபிலிருந்து எடுத்துக்கொண்டதா என்று இனம் காண வழி உண்டா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி | தினைப்புனம்

அம்மா, நான் பின்பற்றும் வழி ஒன்றைச் சொல்கிறேன். பாடலின் களத்தை விட்டுவிட்டு உவமையைப் பாருங்கள். களத்தைத் திணை மரபு தீர்மானிக்கிறது. உவமையோ புலவரின் மனத்தில் ஏற்கெனவே கிடக்கும் பொருள்களிலிருந்து வருகிறது.

குறுந்தொகை 25ஆம் பாடலில், தலைவன் தன்னைக் கூடிய நாளில் சாட்சியாக யாரும் இல்லை, ஒரு குருகு மட்டுமே இருந்தது என்று தலைவி சொல்கிறாள். ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நிற்கும் அந்தப் பறவையின் கால் எப்படி இருந்ததாம்? 'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால'. நீர்நிலைப் பறவையைப் பார்க்கும்போதும் கபிலருக்கு மலைச்சரிவுத் தினையின் தாள்தான் நினைவுக்கு வருகிறது. இன்னும் தெளிவான சான்று 246ஆம் பாடல். அது நெய்தல் திணை. பெருங்கடற்கரை, சிறு வெண்காக்கை, குளிர்ந்த கழி, நள்ளிரவு என்று எல்லாமே கடல் சார்ந்தவை. ஆனால் அந்தக் கழியில் மிதக்கும் பசிய இலைகளைச் சொல்ல வரும்போது கபிலர் 'களிற்றுச் செவி அன்ன பாசடை' என்கிறார். கடற்கரையில் நின்றுகொண்டு யானைக் காதைப் பார்க்கிறவர் மலையில் பழகியவராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் துணிபு.

மறுமொழி | மணல்மேடு

முன்னவர் சொன்னது அழகாக இருக்கிறது. ஆனால் அந்த அளவுகோலை வேறொரு புலவர்மீது வைத்துப் பார்த்தால் அது நிற்காது. அம்மூவனார் ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறும் பாடியவர். குறுந்தொகை 163இல் அவர் கடலைப் பார்த்து, உன்னை வருத்தியவர் யார், நள்ளிரவிலும் உன் குரல் கேட்கிறதே என்று வினவும் பாடல் பலருக்கும் தெரிந்ததே. அங்கே துறையில் பரந்து மீன் தின்னும் குருகுகளுக்கு அவர் சொல்லும் உவமை, பூழியரின் சிறிய தலையுடைய வெள்ளாட்டு மந்தை. உவமையை வைத்துப் புலவரின் நிலத்தைத் தீர்மானிப்பதானால் அம்மூவனாரை முல்லை நிலத்து இடையர் ஆக்கிவிட வேண்டியதுதான்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டையும் மறந்துவிடக் கூடாது. 261 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் தலைவியும் தோழியும் 99 பூக்களைப் பறித்துப் பாறையில் குவிக்கிறார்கள். அந்த வரிசையில் மணலில் படரும் அடும்பு இருக்கிறது, தாழை இருக்கிறது, நெய்தலும் இருக்கிறது. தினைக் காவலுக்குப் போன பெண்களுக்கு மலையில் அடும்பங்கொடி எங்கே கிடைத்தது? கடற்கரையில் வளர்ந்தவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு உறுத்துகிறது. அது கண்ட மலை அன்று, சொற்களின் மலை என்றே கருதுகிறேன். கபிலர் திருவாதவூரில் பிறந்தவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அது உண்மையானால் அவர் சமவெளியில் பிறந்தவர் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

மறுமொழி | பொருநைக்கரை

சங்க காலத்திலேயே நின்றுவிடாமல் சற்றுக் கீழே இறங்கி வந்தால் விடை எளிதாகக் கிடைக்கும் என்று தோன்றுகிறது. தாமிரபரணியோடு சிற்றாறு வந்து கலக்கும் சீவலப்பேரிப் பகுதியைப் பாடும் முக்கூடற்பள்ளில், மழைக்குறி பார்க்கும் உழவர்கள் 'ஆற்று வெள்ளம் நாளை வரத் தோற்றுதே குறி' என்று தொடங்கி, 'மலையாள மின்னல் ஈழ மின்னல் சூழ மின்னுதே' என்கிறார்கள். மேற்கே மலைக்கு அப்பால் மலையாள நாடு, கிழக்கே கடலுக்கு அப்பால் ஈழம். இரண்டு திசையிலும் மின்னினால் வெள்ளம் வரும் என்று கணக்கிடுவது தெற்குச் சீமையில் நின்று வானத்தைப் பார்த்தவர்களால்தான் முடியும். தஞ்சாவூரில் இருந்துகொண்டு இந்த அடியை எழுதியிருக்க முடியாது. பொதிகையில் தென்மேற்குப் பருவத்திலும் சமவெளியில் வடகிழக்குப் பருவத்திலும் மழை பெறும் ஆறு என்பதால், அந்த இரண்டு மின்னலும் அந்த ஊர் உழவருக்கு வெறும் அலங்காரம் அல்ல. அடுத்தடுத்த அடிகளில் கிணற்றுச் சொறித்தவளை கூப்பிடுகிறது, நண்டு சேற்றால் வளையை அடைக்கிறது, வானம்பாடிகள் மழை தேடி ஆடுகின்றன. இயற்றியவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அவர் எந்தத் திசையைப் பார்த்து நின்றார் என்பது மட்டும் கிடைத்திருக்கிறது.

மறுமொழி | தினைப்புனம்

மணல்மேடு அவர்களின் தடை நியாயமானது. உவமை ஒன்றே போதும் என்று நான் சொன்னது மிகை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அம்மூவனார் வெறும் ஆட்டு மந்தை என்று சொல்லவில்லை, 'பூழியர்' ஆடு என்கிறார் என்பதைக் கவனியுங்கள். பூழிநாடு சேரருக்கு உரியது. ஐங்குறுநூற்றில் அவர் ஒரு பத்து முழுவதும் பாடிய தொண்டியும் சேரர் துறையாகச் சங்கப் பாடல்களில் பேசப்படுவதே. ஆடும் கடலும் வேறு வேறு திணைக்கு உரியவை என்றாலும் இரண்டும் ஒரே நாட்டின் காட்சிகளாக இருக்கலாம். திணை வேறு, நாடு வேறு என்பதை நான் முதலில் பிரித்துப் பார்க்கத் தவறிவிட்டேன்.

குறிஞ்சிப்பாட்டைப் பொறுத்தவரை, ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழ் அறிவிப்பதற்காக அது பாடப்பட்டது என்று பழைய குறிப்பு சொல்கிறது. கற்பிக்கும் நோக்கில் எழுந்த பாட்டில் பூப்பெயர்கள் நிலம் கடந்து குவிவது வியப்பன்று. கபிலர் கண்ட மலையைத் தேடுவதானால் அங்கே தேடக் கூடாது, புறநானூற்றில் தேட வேண்டும். மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டபோது பாடிய 109ஆம் பாட்டில், உழவர் உழாமலே அந்த மலை தரும் நான்கு விளைவுகளாக மூங்கில் நெல்லையும் பலாவையும் வள்ளிக்கிழங்கையும் தேனையும் எண்ணிச் சொல்கிறார். முற்றுகை எத்தனை நாள் நீடித்தாலும் உள்ளே இருப்பவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள் என்று பகைவரிடம் கணக்கு ஒப்பிக்கும் குரல் அது. பாரி மாண்ட பிறகு பாடியதாகக் கொள்ளப்படும் 118ஆம் பாட்டு இன்னும் சிறியது. பாறைகளும் குன்றுகளும் சேர்ந்த இடத்தில், எட்டாம் நாள் பிறைபோல் வளைந்த கரையுடைய தெளிந்த நீர்ச் சிறுகுளம் உடைகிறது என்பதுதான் செய்தி. உடைந்த குளம் எந்தத் திணையின் கருப்பொருள் பட்டியலிலும் இல்லை.

மறுமொழி | வைகைக்கரை

அனைவருக்கும் நன்றி. பறம்பு என்று கருதப்படும் பிரான்மலை இருக்கும் சிவகங்கை மாவட்டம்தான் எனக்கும் சொந்த ஊர் என்பதை முதலில் சொல்லாமல் விட்டது என் பிழை. 118ஆம் பாட்டை இதற்கு முன் இரண்டு முறை படித்தும் 'எண்நாள் திங்கள் அனைய கொடுங்கரை' என்பதை வெறும் அழகிய உவமையாகக் கடந்துவிட்டேன். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையும் அப்படித்தான் வளைந்திருக்கும்: மேட்டிலிருந்து வரும் தண்ணீரைத் தாழ்ந்த பக்கத்தில் மறித்துப் போட்ட கரை என்பதால் இரு முனைகளும் மேட்டை நோக்கி ஏறும், நடுப்பகுதி பள்ளத்தில் தள்ளி நிற்கும். சிறுவயதில் ஒரு மழைக்காலத்தில் அந்தக் கரை உடைந்த இரவில் ஊரே மண்வெட்டியோடு ஓடியது நினைவிருக்கிறது. கபிலரின் பாட்டில் குளம் உடைகிறது, ஓடி வருவதற்கு ஆள் இல்லை.